கேட்டைச் சாத்தினால் கத்தி நிற்குமா?

பாறசாலையைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் களியக்காவிளை. அங்கே கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது, அது கிடைக்கவில்லை. ஆனாலும் கல்யாணமும் சந்தையும் ஆஸ்பத்திரியும் எல்லைக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. பிள்ளைகளின் படிப்பும் அப்படித்தான். அண்ணன் மார்த்தாண்டம் நேசமணி நினைவு கிறிஸ்தவக் கல்லூரிக்கு பஸ் ஏறலாம். தங்கை தனுவச்சபுரத்தில் உள்ள வேலுத்தம்பி நினைவு என்.எஸ்.எஸ். கல்லூரிக்கோ, திருவனந்தபுரம் யூனிவர்சிட்டி கல்லூரிக்கோ ரயில் ஏறலாம். (இந்த என்.எஸ்.எஸ். நாட்டு நலப்பணித் திட்டம் இல்லை, நாயர் சர்வீஸ் சொசைட்டி.) ஒரே வீட்டிலிருந்து புறப்பட்டாலும் இருவரும் போய்ச் சேரும் கல்லூரிகளின் நடைமுறை வேறு வேறு. கேரளப் பக்கம் கட்சிச் சார்புள்ள மாணவர் அமைப்புகள், ஆண்டுதோறும் யூனியன் தேர்தல், அவ்வப்போது ‘படிப்பு முடக்கு’. தமிழ்நாட்டுப் பக்கம் பெரும்பாலான கல்லூரிகளில் தேர்தல் என்ற பேச்சே கிடையாது.

எல்லையோரப் பெற்றோர் இந்த வித்தியாசத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள்: அங்கே சமரம் (போராட்டம்), இங்கே படிப்பு. அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவும் சுலபமானது. கட்சிகளை வெளியே தள்ளு, வெளியாட்களை உள்ளே விடாதே, கேட்டைச் சாத்து, கத்திக்குத்து நின்றுவிடும். ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் தொலைக்காட்சி விவாதத்தில் இதே குரல் எழுகிறது, நீதிமன்றங்களிலும் எழுந்திருக்கிறது. பெற்றோரின் பயத்தில் பிழையில்லை. ஆனால் நடந்த சம்பவங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், கேட்டு திறந்திருந்ததால் வந்த வன்முறையைவிட, உள்ளே ஒரே கூட்டம் கேட்டைத் தன் கையில் வைத்திருந்ததால் வந்த வன்முறைதான் அதிகமாகத் தெரிகிறது. பொதுமக்களின் கண்ணும் காலும் படாத வளாகமே பயப்பட வேண்டிய வளாகம் என்பது என் வாதம்.

கேரளக் கல்லூரியை அறியாதவர்கள் அதன் சுற்றுச்சுவரைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். வெள்ளையடித்த சுவரில் ஒரு மாணவர் அமைப்பின் பெயர், பக்கத்தில் ஆண்டு, அதன் கீழே ‘புக்டு’ என்று எழுதியிருக்கும். இந்த ஆண்டு முழுக்க இந்தச் சுவர் எங்களுக்கு, வேறு யாரும் எழுதக் கூடாது என்று அர்த்தம். கேட்டுக்கு உள்ளே கொடிமரம். எத்தனை கொடிமரம் நிற்கிறது என்று எண்ணுங்கள். மூன்று நான்கு இருந்தால் அங்கே சண்டை சச்சரவு இருக்கும், தேர்தலும் தேர்தலாக நடக்கும். ஒன்றே ஒன்று நின்றால் அந்தக் கல்லூரி யாரோ ஒருவருடைய ‘கோட்டை’ ஆகிவிட்டது. கோட்டையில் வாக்குப்பெட்டி இருந்தாலும் எதிர்த்து வேட்புமனு கொடுக்க ஆள் இருக்காது.

திருவனந்தபுரம் யூனிவர்சிட்டி கல்லூரி இதற்குப் பெரிய சாட்சி. 1866-இல் கல்லூரியாக வளர்ந்த நிறுவனம். ‘மனோன்மணீயம்’ எழுதிய சுந்தரம் பிள்ளை தத்துவம் சொல்லிக்கொடுத்த இடம். அவர் பெயரில் திருநெல்வேலியில் இயங்கும் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் இன்று குமரி மாவட்டக் கல்லூரிகள் வருகின்றன. இந்தக் கல்லூரி பல ஆண்டுகளாக மார்க்சிஸ்ட் கட்சியின் மாணவர் அமைப்பான எஸ்.எஃப்.ஐ-யின் கோட்டை. 2019 ஜூலை 12 அன்று அங்கே மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் நெஞ்சில் குத்தப்பட்டார். கேன்டீனில் சில மாணவர்கள் உட்கார்ந்து பாடியதை, அமைப்பின் கல்லூரிக் கிளையான ‘யூனிட்’டின் நிர்வாகிகள் தடுத்ததில் கிளம்பிய தகராறு அது. குத்துப்பட்டவர் எதிர்க்கட்சிக்காரர் இல்லை, அதே அமைப்பின் அனுதாபி. அன்று யூனிட் தலைமைக்கு எதிராகக் கோஷம் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்த மாணவர்களில் பலரும் அதே அமைப்பைச் சேர்ந்தவர்களே.

அதற்குப் பிறகு வெளிவந்தவை கத்திக்குத்தைவிட மோசமானவை. குற்றம் சாட்டப்பட்ட யூனிட் நிர்வாகியின் வீட்டில் பல்கலைக்கழகத்தின் எழுதப்படாத விடைத்தாள்கள் கிடைத்தன. கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய போலீஸ் கான்ஸ்டபிள் தேர்வின் ரேங்க் பட்டியலில் முதலிடத்தில் அவர் பெயர் இருந்தது; வழக்கில் சிக்கிய இன்னொருவருக்கு 28-ஆவது இடம். தேர்வு நடந்த நேரத்தில் முதலிடம் பிடித்தவருக்கு மொபைலில் குறுஞ்செய்திகள் வந்தது தேர்வாணையத்தின் விசாரணையில் தெரிந்தது. கல்லூரிக்குள் ‘இடிமுறி’ என்று ஓர் அறை உண்டு, பணியாதவர்களை அங்கே கூட்டிப்போய் அடிப்பார்கள் என்ற பேச்சு ஊரில் நெடுங்காலமாக இருந்தது. தலைமைச் செயலகம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, வாசலில் பஸ் நிற்கிறது. இவ்வளவும் அங்கே நடந்தும் வெளியே வர ஒரு கத்திக்குத்து தேவைப்பட்டது. காரணம், உள்ளே போகக்கூடியவர் யார், கூடாதவர் யார் என்பதை கல்லூரி முதல்வர் முடிவு செய்யவில்லை, யூனிட் முடிவு செய்தது.

‘வெளியாள்’ என்ற முத்திரை யார் கையில் இருக்கிறது என்பது முக்கியம். அதே கல்லூரியில் 2017 பிப்ரவரியில் நாடகம் பார்க்க வந்த இளைஞர் ஒருவர், கூட இருந்த இரண்டு மாணவிகளோடு சேர்த்துத் தாக்கப்பட்டார். அடித்த தரப்பு சொன்ன நியாயம், அவர் வெளியாள், ஒழுங்கில்லாமல் நடந்துகொண்டார் என்பதுதான். கலைநிகழ்ச்சிக்கு வந்த பார்வையாளர் வெளியாள். விடைத்தாளை வீட்டுக்குக் கொண்டுபோனவர் உள்ளாள். அடையாள அட்டை வைத்து ஆளைப் பிரித்தால் கிடைப்பது இந்த நீதிதான்.

இடதுசாரிகளைக் குறிவைத்து எழுதுவதாக யாரும் நினைக்க வேண்டாம். நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவில் உள்ள தனுவச்சபுரம் கல்லூரி வலதுசாரி மாணவர் அமைப்பான ஏ.பி.வி.பி-யின் கோட்டையாக அறியப்படுவது. மற்ற அமைப்புகள் உள்ளே யூனிட் தொடங்க முயலும்போதெல்லாம் மோதல் வெடித்துச் செய்தியாகியிருக்கிறது. தலைநகரில் கேசவதாசபுரத்து எம்.ஜி. கல்லூரியைப் பற்றியும் அதே பேச்சு உண்டு. கொடியின் நிறம் மாறுகிறது, கோட்டையின் இலக்கணம் மாறுவதில்லை. புதிதாகச் சேரும் பையன் முதல் வாரத்திலேயே எந்தப் பக்கம் என்று கேட்கப்படுகிறான். ஒரு பக்கம்தான் இருக்கிறது என்பது அவனுக்குச் சொல்லாமலே புரிகிறது.

ஊரின் கண்ணிலிருந்து முற்றிலும் விலகிய வளாகத்தில் இது எங்கே போய் முடியும் என்பதை வயநாடு பூக்கோடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் காட்டியது. 2024 பிப்ரவரி 18 அன்று இரண்டாம் ஆண்டு மாணவர் சித்தார்த்தன் விடுதிக் குளியலறையில் பிணமாகக் கிடந்தார். திருவனந்தபுரம் மாவட்டம் நெடுமங்காட்டுக்காரர். வீட்டுக்குப் புறப்பட்டவரைப் பாதிவழியில் திரும்ப வரவழைத்து, விடுதியில் மற்றவர்கள் பார்க்கப் பார்க்க அடித்திருக்கிறார்கள். எஸ்.எஃப்.ஐ. நிர்வாகிகள் உட்படப் பலர் கைதானார்கள், துணைவேந்தரை ஆளுநர் இடைநீக்கம் செய்தார், வழக்கு சி.பி.ஐ-க்குப் போனது. இதில் வெளியாள் யாரும் கேட்டைத் தாண்டி வரவில்லை. அடித்தவர், அடிபட்டவர், பார்த்தவர், பார்த்தும் பேசாதவர் எல்லோரிடமும் அடையாள அட்டை இருந்தது. மலை மேல் தனியாக நிற்கும் அந்த வளாகத்தில் ராத்திரி விடுதிப்பக்கம் நடந்துபோக ஊரார் யாராவது இருந்திருந்தால், ஒரு சமையல்காரராவது தைரியமாக வெளியே போன் செய்ய வழி இருந்திருந்தால் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

சரி, வெளியாட்களே வந்து கொன்ற சம்பவங்கள் இல்லையா? இருக்கின்றன, அவற்றை மழுப்பக் கூடாது. 2018 ஜூலை 2 அன்று நள்ளிரவு கடந்த நேரத்தில், எறணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் அபிமன்யு குத்திக் கொல்லப்பட்டார். தமிழ் பேசும் மலைக்கிராமமான இடுக்கி வட்டவடையிலிருந்து வேதியியல் படிக்க வந்த 20 வயதுப் பையன், எஸ்.எஃப்.ஐ. நிர்வாகி. புதிய மாணவர்களை வரவேற்கச் சுவரில் யார் எழுதுவது என்ற தகராறு. எஸ்.எஃப்.ஐ. ‘புக்’ செய்த சுவரில் எதிர்த்தரப்பு மாணவர் அமைப்பான கேம்பஸ் ஃப்ரண்ட் எழுத, அதன்மேல் மதவாதம் ஒழிக என்று இவர்கள் சேர்த்து எழுத, நள்ளிரவில் ஆட்கள் வந்தார்கள். 2022 ஜனவரி 10 அன்று இடுக்கி பைனாவு அரசுப் பொறியியல் கல்லூரியில் யூனியன் தேர்தல் நாளில் மாணவர் தீரஜ் கொல்லப்பட்டார். கைதானவர் இளைஞர் காங்கிரஸ்காரர், மாணவரே இல்லை.

ஆனால் இந்த இரண்டு கொலைகளையும் கேட்டுக் கட்டுப்பாடு தடுத்திருக்குமா? மகாராஜாஸ் வழக்கில் முதல் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டவர் அதே கல்லூரியின் மாணவர். அவரைக் காவலாளி மறித்திருக்க முடியாது. நடந்ததோ நள்ளிரவு, பொதுமக்கள் நடமாடும் நேரமே இல்லை. தீரஜ் குத்தப்பட்டது வளாகத்துக்கு வெளியே சாலையில். 2020 ஜனவரி 5 அன்று டெல்லி ஜே.என்.யு-வில் முகமூடிக் கும்பல் இரும்புக் கம்பிகளோடு புகுந்து மாணவர்களையும் ஆசிரியர்களையும் அடித்தபோது வாசலில் காவலாளி மட்டுமல்ல, போலீசும் இருந்தது. ஆயுதத்தோடு வருபவன் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதில்லை. கேட்டு அடைத்தால் நின்றுபோவது நூலகத்துக்கு வரும் ஓய்வுபெற்ற வாத்தியாரும், மைதானத்தில் பந்து விளையாட வரும் ஊர்ப் பையன்களும், செய்தி சேகரிக்க வரும் நிருபரும், மகளைப் பார்க்க வரும் அப்பாவும்தான். சுருங்கச் சொன்னால், நடந்ததைப் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் சென்னையிலிருந்து வருகிறது. 2024 டிசம்பர் 23 இரவு அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். குற்றவாளி மாணவர் இல்லை, அருகே பிரியாணிக் கடை நடத்தியவர். அதன்பின் வளாகத்தில் நுழைவுக் கெடுபிடி கூடியதில் ஆச்சரியமில்லை. பெண் பிள்ளைகளை அனுப்பும் எந்தப் பெற்றோரும் அதைத்தான் கேட்பார்கள். இங்கே நான் இறங்கி வருகிறேன். இருட்டிய பிறகு வளாகம் ஊரின் பொதுவழியாக இருக்க வேண்டியதில்லை. விளக்கு, ரோந்து, வேலை செய்யும் கேமரா, இரவு நுழைவுக்குப் பதிவு ஆகியவற்றை யாரும் எதிர்க்க முடியாது. ஆனால் அந்த வழக்கின் மீதிக் கதையையும் பார்க்க வேண்டும். மாணவி போலீசுக்குப் போனார், செய்தி வெளியே வந்தது, ஊரே கொதித்தது, வழக்கு உயர் நீதிமன்றத்தின் பார்வைக்குப் போனது, 2025 ஜூன் 2 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம் குறைந்தது 30 ஆண்டு சிறையோடு ஆயுள் தண்டனை விதித்தது. முதல் தகவல் அறிக்கையே கசிந்து அந்தப் பெண்ணின் விவரம் வெளியான அசிங்கமும் நடந்தது, அது வேறு. கொடுமை நடந்தது மறைவான இடத்தில். நீதி கிடைத்தது விஷயம் மறைக்கப்படாததால்.

அப்படியானால் தமிழ்நாட்டு வழி, அதாவது கட்சியும் வேண்டாம் தேர்தலும் வேண்டாம் என்பது? களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் கொடிமரமில்லாத கல்லூரிகளைப் பார்த்துப் பாறசாலைக்காரர்கள் பெருமூச்சு விடுவது புரிகிறது. ஆனால் தமிழ்நாடு வளாக வன்முறை இல்லாத மாநிலம் என்று எப்படிச் சொல்வது? 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு சீனியரால் கொலை செய்யப்பட்டார். அதற்குப் பிறகே 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. கேரளம் அடுத்த ஆண்டு தன் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2008 நவம்பர் 12 அன்று சென்னை அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியில் சாதியை வைத்து மாணவர்கள் கட்டையாலும் கம்பியாலும் அடித்துக்கொண்டதை, போலீஸ் கைகட்டி நின்றதை, தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. பச்சையப்பன் கல்லூரிக்கும் மாநிலக் கல்லூரிக்கும் இடையிலான ‘ரூட்டு தல’ (பஸ் வழித்தட மாணவர் தலைவன்) பகையில் 2024 அக்டோபரில்கூட ஒரு மாணவர் உயிரை விட்டார். கட்சி வெளியே போன இடத்தில் சாதியும் பஸ் ரூட்டும் வந்து உட்கார்ந்தன. கட்சிக்காவது ஒரு மாவட்டச் செயலாளர் உண்டு. நிருபர் மைக்கை நீட்டினால் பதில் சொல்லியாக வேண்டும், அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டாக வேண்டும். ரூட்டு தலயை யார் கேள்வி கேட்பது? அதோடு, 1965 மொழிப் போராட்டத்தில் சிதம்பரத்தில் மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் செத்த மண்ணில், மாணவர் அரசியலே தீட்டு என்று பேசுவது கொஞ்சம் வேடிக்கைதான்.

கேரள உயர் நீதிமன்றம் தடை என்ற பாதையைப் பலமுறை காட்டிவிட்டது. 2003-இல் பாலா செயின்ட் தாமஸ் கல்லூரி வழக்கில், வளாக அரசியலைத் தடுக்கும் உரிமை கல்லூரிக்கு உண்டு என்றது. 2017-இல் பொன்னானி எம்.இ.எஸ். கல்லூரி வழக்கில் கல்லூரி படிக்கும் இடம், தர்ணா நடத்தும் இடமில்லை என்றது. 2020 பிப்ரவரியில் வகுப்பை முடக்கும் சமரங்களுக்குத் தடை விதித்தது. உச்ச நீதிமன்றம் 2006-இல் ஏற்றுக்கொண்ட லிங்டோ கமிட்டிப் பரிந்துரைகளும் கேரளப் பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரி முதல்வர்கள் கவுன்சிலுக்கும் நடந்த வழக்கிலிருந்து பிறந்தவையே. இளங்கலை மாணவருக்கு வயது வரம்பு 17 முதல் 22, குறைந்தபட்ச வருகை 75 சதவீதம், வேட்பாளர் செலவு 5,000 ரூபாய்க்கு மேல் கூடாது, அச்சிட்ட போஸ்டர் கூடாது, மாணவர் அல்லாதவர் தேர்தலில் தலையிடக் கூடாது. ஒவ்வொன்றும் நல்ல விதிதான். இவற்றில் பெரும்பாலானவை வந்த பிறகுதான் யூனிவர்சிட்டி கல்லூரியும் பூக்கோடும் நடந்தன. தடை உத்தரவை அமல்படுத்த வேண்டியவர் கல்லூரி முதல்வர். கோட்டையில் முதல்வர் யூனிட்டைப் பார்த்துப் பயப்படுகிறவர்.

போலீசை நேரே உள்ளே விட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு 1976-ஐ ஞாபகப்படுத்த வேண்டும். அவசரநிலைக் காலம், மார்ச் 1. கோழிக்கோடு வட்டாரப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீஸ் கூட்டிப்போனது. கக்கயம் முகாமில் உயிரிழந்தார், உடல்கூடக் கிடைக்கவில்லை. தந்தை ஈச்சர வாரியர் கோர்ட் படியேறியதில் ஒரு முதலமைச்சர் பதவி இழந்தார். கல்லூரி முதல்வர் அழைக்காமல் போலீஸ் வளாகத்துக்குள் வரக் கூடாது என்ற எண்ணம் கேரளத்தில் இவ்வளவு ஊறியிருப்பது சும்மா இல்லை. கிரேக்க நாட்டின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 1973 நவம்பரில் ராணுவ ஆட்சி ஏதென்ஸ் பாலிடெக்னிக் வாசலை டாங்கியால் உடைத்தது. அந்த நினைவில் 1982-இல் போலீஸ் வளாகத்துக்குள் நுழையக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். வளாகம் வன்முறைக் கும்பல்களுக்குப் புகலிடமாகிவிட்டது என்று 2011-இல் அதை எடுத்தார்கள், 2017-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள், 2019-இல் மறுபடி எடுத்தார்கள். போலீஸ் வரலாமா கூடாதா என்ற ஒரே கேள்வியில் மாட்டிக்கொண்டால் இப்படித்தான் போய் வந்துகொண்டிருக்க வேண்டும். போலீசுக்கும் யூனிட்டுக்கும் நடுவில் ஊர் என்று ஒன்று இருக்கிறது. அதைத்தான் இரண்டு தரப்பும் மறந்துவிடுகிறது.

ஊருக்குக் கேட்டைத் திறப்பது என்றால் கண்டவரும் வகுப்பறையில் உட்காருவது என்று அர்த்தமில்லை. பகலில் நூலகமும் மைதானமும் அரங்கமும் விதிப்படி திறந்திருக்க வேண்டும். அந்த விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். 2025 ஜூனில் கேரளப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹாலை வாடகைக்கு எடுத்த அமைப்பு பாரத மாதா படம் வைத்ததில் தொடங்கிய சண்டை பதிவாளரின் இடைநீக்கம் வரை போனது. யார் நடத்தினாலும் இது கூடும், இது கூடாது என்பதில் முன்கூட்டியே எல்லாருக்கும் ஒரே தெளிவு இருந்திருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்காது. கேட்டைவிட முக்கியம் காகிதம். நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் காட்டாக்கடை கிறிஸ்தவக் கல்லூரியில் யூனியன் கவுன்சிலராக ஜெயித்தது ஒரு மாணவி. 2023-இல் பல்கலைக்கழகத்துக்குப் போன பட்டியலில் இருந்ததோ, தேர்தலில் நிற்காத எஸ்.எஃப்.ஐ. நிர்வாகி ஒருவரின் பெயர். ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை, ஆனால் அதுவும் கோட்டையின் வேலையே. முடிவு வெளியான அன்றே வெற்றிபெற்றவர் பட்டியலைக் கேட்டில் ஒட்டி இணையத்திலும் போட்டிருந்தால் இந்த ஆள்மாறாட்டத்துக்கு இடமே இருந்திருக்காது.

புதிய சட்டம்கூடத் தேவையில்லை. ராகிங்குக்கு எதிரான யு.ஜி.சி-யின் 2009 விதிகள் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு தடுப்புக் குழு அமைக்கச் சொல்கின்றன. அதில் சிவில் நிர்வாகம், போலீஸ், உள்ளூர்ப் பத்திரிகை, இளைஞர் நலனுக்கு உழைக்கும் தொண்டு அமைப்பு, பெற்றோர், ஆசிரியர், ஊழியர், புதிய மாணவர், மூத்த மாணவர் எல்லாத் தரப்புக்கும் பிரதிநிதி இருக்க வேண்டும். விடுதிகளில் திடீர்ச் சோதனை போடத் தனி அணி வேண்டும். குற்றம் என்று தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் முதல்வர் போலீசில் வழக்குப் பதிய வைக்க வேண்டும். ஊரை உள்ளே அழைக்கும் ஏற்பாடு சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது; பல இடங்களில் அது ஃபைலுக்குள் தூங்குகிறது. தனுவச்சபுரத்திலோ காரக்கோணம் மருத்துவக் கல்லூரியிலோ மார்த்தாண்டத்திலோ பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர், ஃபீஸ் கவுன்டரில் நிற்பதற்கு முன்னால் நோட்டீஸ் போர்டைப் பார்த்து, இந்த ஆண்டுக் குழுவில் பெற்றோர் பிரதிநிதி யார், பத்திரிகைக்காரர் யார், கடைசியாகக் குழு கூடியது எந்தத் தேதியில் என்று ஆபீசில் கேட்டுவிட்டுப் பணம் கட்டலாம்.